தங்கவயல்: சுரங்கத்துக்காக எழுந்த நகரம்

கர்நாடகத்தின் தென்கிழக்கு விளிம்பில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள கோலார் தங்கவயல், முன்பே இருந்த ஊருக்குத் தொழில் வந்து சேர்ந்ததால் வளர்ந்ததன்று. சுரங்கத்துக்கு ஆள் வேண்டியிருந்ததால் எழுந்த நகரம். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற இலண்டன் நிறுவனம் 1880களில் இங்கு ஆழச் சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள், ‘லைன்’ எனப்பட்ட குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டனர். தொடக்கத்தில் மூங்கில் தட்டியால் அடைக்கப்பட்ட குடிசைகளின் வரிசையே லைன். கிளப்பும் கோல்ஃப் மைதானமும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் ஆங்கில அதிகாரிகளுக்கு உரியவை.

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது; பெங்களூருக்கு அது 1905இல்தான் கிடைத்தது. இதை நகரின் பெருமையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த மின்சாரத்தைக் கேட்டவை சுரங்கத்தின் இயந்திரங்களே என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபோது பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் ‘ராக் பர்ஸ்ட்’ பலரைப் பலிகொண்டது. துளையிடும்போது எழும் கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கொன்றது.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. கிடைக்கும் தங்கம் குறைந்து செலவு மிகுந்ததால் 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. வீடு, குடிநீர், மருத்துவமனை ஆகிய மூன்றும் சுரங்க நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்து வந்தமையால், சம்பளத்தோடு சேர்த்து நகராட்சி போன்றதொரு அமைப்பையும் மக்கள் இழந்தனர்.

அரைத்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மணல், ‘சயனைடு மேடு’ என்ற பெயரில் குன்றுகளாக நிற்கிறது. காற்று பலமாக வீசினால் அதன் தூசி லைன் வீடுகளுக்குள் புகும். அவ்வீடுகளிலிருந்து இன்று பல்லாயிரவர் விடியுமுன் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து இரவில் திரும்புகின்றனர். சுரங்கப் பொருள்களை ஏற்றியிறக்க அமைத்த பாதையே இப்போது நகரின் பிழைப்புக்கு வழி.