ஒற்றை ஆசனத்தின் விலை

களுபோவில ஆஸ்பத்திரி வீதியில் மாலை வேளையில் நடந்து செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். 'எல்' பலகை மாட்டிய பயிற்சிக் கார் ஒன்று நடுவீதியில் நின்றுவிடும். சாரதியின் ஆசனத்திலே ஓர் இளம்பெண். பின்னால் வந்த பஸ் இடைவிடாது ஹோர்ன் அடிக்கும். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "தங்கச்சி, இதெல்லாம் உங்களுக்கு ஏன்?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதே காரில் அடுத்த மணித்தியாலத்தில் ஓர் இளைஞன் ஏறுவான். அவனும் நடுவீதியிலே நிறுத்துவான். அவனை அப்படிக் கேட்பாரில்லை. பெண்ணுக்கும் எஞ்சினுக்கும் இடையே இயற்கையே ஒரு மதிலை எழுப்பியிருக்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது.

இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்ப்பதற்கு மோட்டார்ப் பந்தயத்தைப் போன்ற உரைகல் பிறிதில்லை. அங்கே நடுவராக இருப்பது கடிகாரம். ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்பதை அது அறியாது. எனினும் அந்தக் கடிகாரத்தின் முன்னே போய் நிற்பதற்கு ஒரு வண்டி வேண்டும். வண்டிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணம் எவரைத் தேடி வருகிறது, எவரைக் கண்டு விலகுகிறது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் செய்தி.

2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலே, எம்.ஆர்.எப். சலஞ்ச் எனப்படும் போர்முலா 2000 தொடரின் இறுதிச் சுற்று நடைபெற்றது. துபாயிலும் பஹ்ரைனிலும் ஓடி முடித்து அங்கு வந்து சேர்ந்த தொடர் அது. பட்டத்தை வென்றவர் ஜேமி சாட்விக் என்ற இருபது வயது ஆங்கிலப் பெண். அந்தத் தொடரின் வரலாற்றில் பெண்ணொருவர் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. தமிழ் மண்ணில் நிகழ்ந்த இந்நிகழ்ச்சியைத் தமிழ் ஏடுகள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் ஒதுக்கிவிட்டு மறந்தன. ஆனால் சாட்விக் அங்கு வந்து சேர்ந்த வழியையும், அங்கிருந்து போன வழியையும் ஒருங்கே நோக்கினால் நம் காலத்துச் சமுதாயத்தைப் பற்றிப் பல உண்மைகள் புலனாகின்றன.

இந்தத் தடங்கள் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் நினைவுகூர்தல் நன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, விமானங்கள் பறந்து போய்விட, கொங்கிறீற் ஓடுபாதைகள் வெறுமையாகக் கிடந்தன. மோட்டார்ப் பித்துப் பிடித்தவர்கள் அவற்றைக் கைப்பற்றிக் கொண்டனர். 1950 மே 13ஆம் நாள் முதலாவது உலக சம்பியன் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டன், குண்டுவீச்சு விமானங்களின் தளமாக இருந்த இடம். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரமும் போர்க்கால விமானத் தளமே. நமது களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையும் அத்தகையதே. பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்து, பின்னர் பந்தயத் தடமானது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்தை விட்டு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது.

கட்டுக்குருந்தையைச் சூழ்ந்த களுத்துறை மாவட்டம் இறப்பர் பூமி. விடியுமுன் எழுந்து, சிரட்டையும் கத்தியுமாக மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டும் பெண்களின் உழைப்பு அந்த மண்ணின் செல்வம். ரயர் இல்லாமல் பந்தயம் இல்லை. இறப்பர் இல்லாமல் ரயர் இல்லை. சாட்விக் வென்ற தொடருக்குப் பெயர் தந்த கம்பனியும் 1946இல் திருவொற்றியூரிலே விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, பின்னர் ரயர்த் தொழிலில் ஓங்கியதே. இப்பந்தயத்தின் அடியிலே பெண்ணின் கை எப்பொழுதும் இருந்து வந்திருக்கிறது; ஸ்டியரிங் சக்கரத்தின் மீது அந்தக் கை வைக்கப்பட்டபோது மாத்திரம் உலகம் திடுக்கிட்டது.

ஒற்றை ஆசன வண்டிகளின் உலகம் ஓர் ஏணியைப் போன்றது. எட்டு ஒன்பது வயதிலே கோ-கார்ட் என்னும் தரையோடு ஒட்டிய சிறு வண்டியில் ஏறவேண்டும். பதினைந்து பதினாறு வயதில் போர்முலா 4. அதன் மேல் போர்முலா 3, போர்முலா 2. எல்லாவற்றிற்கும் உச்சியில் போர்முலா 1. உச்சிப்படியில் கால் வைக்க அனைத்துலக மோட்டார்ச் சங்கம் வழங்கும் விசேட அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கு நாற்பது புள்ளிகள் சேர்க்க வேண்டும். கீழ்ப்படிகளில் பெற்ற வெற்றிகளே புள்ளிகளாகக் கணக்கிடப்படும். கேட்பதற்கு நீதியான ஏற்பாடு போலவே தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை உண்டு. போர்முலா 3இல் ஓர் ஆண்டு ஓட ஏறக்குறைய பத்து இலட்சம் யூரோ என்றும், போர்முலா 2இல் அதன் இருமடங்குக்கு மேல் என்றும் அத்துறையினர் கூறுவர். இந்தத் தொகையைச் சாரதிக்கு எவரும் கொடுப்பதில்லை. சாரதியே கொண்டுவந்து குழுவிடம் கட்டவேண்டும். தகப்பனிடம் இருந்தால் தகப்பன் தருவார். இல்லையெனில் விளம்பரம் தேடும் கம்பனிகளின் கதவைத் தட்டவேண்டும்.

இந்த ஏணியில் முதன்முதல் உச்சிவரை சென்ற இரு பெண்களும் இத்தாலியர்கள். ஒருவர் பிரபுவின் மகள், மற்றவர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். இந்த வேற்றுமை கவனிக்கத்தக்கது.

மரியா தெரேசா டி பிலிப்பிஸ் 1926இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று தமையன்மார் கேலி செய்ய, பந்தயம் கட்டிக் காரோட்டத் தொடங்கினார் என்பர். முதற் போட்டியிலேயே வென்றார். 1958இல் மசெராட்டி வண்டியில் பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் ஓடிப் பத்தாவதாக வந்தார். அவ்வாண்டு பிரான்சிலே அவரைத் தடத்தில் விட மறுத்த அதிகாரி, பெண்ணுக்கு உரிய தலைக்கவசம் சிகையலங்காரக் கடையில் இருப்பது மட்டுமே என்று கூறியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செல்வமும் குலமும் இருந்த பெண்ணுக்கே இந்த மறுமொழி! அடுத்த ஆண்டு நண்பர் ழான் பெரா பந்தயத்தில் மாண்டதும் அவர் ஓட்டத்தைக் கைவிட்டார்.

லெல்லா லொம்பார்டியின் கதை வேறு. வட இத்தாலியில் இறைச்சிக் கடை நடத்திய குடும்பம். கடையின் வண்டியில் இறைச்சி கொண்டு சென்று கொடுத்தே காரோட்டப் பழகினார். படிப்படியாக ஏறி, ஒரு பிரபுவின் ஆதரவும் ஒரு கோப்பிக் கம்பனியின் பணமும் கிடைத்த பின்னரே 1975இல் போர்முலா 1இல் நிலையான ஆசனம் பெற்றார். அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் பார்சலோனாவின் மொன்ட்யுயிக் வீதித் தடத்தில் நடந்த ஸ்பெயின் கிராண்ட் பிரீயில் ஆறாவது இடம் அவருக்கு. தடத்தின் தடுப்புகள் சரியாகப் பூட்டப்படவில்லை என்று ஓட்டுநர்கள் முதல் நாளே எதிர்த்திருந்தனர், எதிர்ப்பு எடுபடவில்லை. ரொல்ப் ஸ்டொம்மெலனின் வண்டி தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து அப்பால் நின்றவர்களின் உயிரைக் குடித்தது. பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் புள்ளிகளும் பாதியாயின. லொம்பார்டிக்கு அரைப் புள்ளி. உலக சம்பியன் பந்தயத்தில் பெண்ணொருவர் பெற்ற புள்ளி இன்றுவரை அந்த அரைப் புள்ளி ஒன்றே.

சாட்விக்கின் கதைக்கு மீள்வோம். 1998இல் பாத் நகரில் பிறந்த அவர், தமையனைத் தொடர்ந்து கோ-கார்ட்டில் ஏறினார். பதினேழு வயதில், 2015இல், பிரித்தானிய ஜி.டி. போட்டியின் ஜி.டி. 4 பிரிவில் ரொஸ் கன் என்பவரோடு இணைந்து பட்டம் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதற் பெண் அவரே. பிறகு ஒற்றை ஆசன வண்டிக்கு மாறினார். 2018இல் பிராண்ட்ஸ் ஹச் தடத்தில் பிரித்தானிய போர்முலா 3 ஓட்டமொன்றில் முதலாவதாக வந்தார். அதுவும் பெண்களில் முதல். சில மாதங்களில் இருங்காட்டுக்கோட்டை வெற்றி.

அந்த ஆண்டிலேயே பெண்களுக்கு மட்டுமான 'டபிள்யூ' தொடர் ஐரோப்பாவில் தொடங்கியது. அதன் சிறப்பு ஒன்றே: ஓட்டுபவர் பணம் கட்டவேண்டியதில்லை. தேர்வு நடத்தி, வண்டியும் கொடுத்து, வென்றவருக்கு ஐந்து இலட்சம் டொலர் பரிசும் தந்தனர். பெண்களைத் தனியே ஒதுக்குவது முன்னேற்றமா, பின்னடைவா என்று பெரும் வாதம் எழுந்தது. ஒதுக்குதல் தவறென்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாதிட்டவர்களிற் பலர், அதுவரை பணத்தின் பெயரால் நடந்த ஒதுக்கலைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாட்விக் 2019இல் அப்பட்டத்தை வென்றார். 2020இல் பெருந்தொற்றினால் ஓட்டம் இல்லை. 2021இலும் 2022இலும் மீண்டும் அவரே. நடந்த மூன்று தொடர்களிலும் அவரை வெல்ல ஆளில்லை. பயன் யாது? டபிள்யூ தொடரின் வெற்றிக்கு வழங்கப்பட்ட அனுமதிப்புள்ளிகள் பதினைந்து. போர்முலா 2இல் மூன்றாவதாக வருபவருக்கே நாற்பது. மூன்றாவது பட்டத்தை வென்ற ஆண்டிலே தொடருக்கே பணமின்றிப் போய், கடைசி ஓட்டங்கள் கைவிடப்பட்டன. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே நொடித்தது. ஏணியின் அடுத்த படியான போர்முலா 3இல் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. அவரோடு கார்ட் ஓட்டிய காலத்துப் பையன்களில் எத்தனையோ பேர், ஒரு பட்டமும் இன்றி, அந்தப் படியைக் கடந்து போயினர்.

உடல்வலுவின் பேச்சு இந்த இடத்தில் தவறாமல் எழும். போர்முலா 3, போர்முலா 2 வண்டிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவுகளில் சக்கரத்தைத் திருப்ப மிகுந்த தோள்வலு வேண்டும் என்பது மெய்யே. ஆனால் உச்சியிலுள்ள போர்முலா 1 வண்டியில் பவர் ஸ்டியரிங் உண்டு. வாசலில் மட்டும் பாரத்தை வைத்து, உள்ளே நுழைந்தவருக்கு அதை எடுத்துவிடும் விந்தை இது! அந்த வண்டிகளை வரைந்தவர் கண்முன் நின்ற உடல் ஆணின் உடல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2023இல் போர்முலா 1 நிர்வாகமே எப் 1 அகடமி என்ற பெண்கள் தொடரை ஆரம்பித்தது. இதுவும் வரவேற்கத்தக்கதே. செலவின் பெரும் பகுதியை நிர்வாகமும் குழுக்களும் ஏற்கின்றன. அதன் பின்னும் 2024இல் ஓட்டுபவர் தம் பங்காகக் கொண்டுவர வேண்டியிருந்தது ஓர் இலட்சம் யூரோ. அவ்வாண்டின் நாணய மாற்றுப்படி நமது பணத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். அதே 2024 செப்ரெம்பரில் நமது தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை கிடைத்து, ஒரு சதமும் செலவு செய்யாமல் சேர்த்தாலும், அந்த மலிவான ஆசனத்தின் ஓராண்டு விலைக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

தமிழ்நாட்டிலும் ஒரு பெண் இந்த ஏணியில் கால் வைத்தார். சென்னையின் அலிஷா அப்துல்லா, தேசிய மோட்டார் சைக்கிள் சம்பியனாகப் பலமுறை விளங்கிய ஆர். ஏ. அப்துல்லாவின் மகள். சிறுமியாகவே கோ-கார்ட்டில் தொடங்கி, போர்முலா வண்டிகளையும் ஓட்டி, பின்னர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெயர் பெற்றார். வீட்டிலேயே பந்தயம் இருந்ததால் அவருக்கு வாசல் திறந்தது. அத்தகைய தகப்பன் வாய்க்காத பெண்களுக்காகப் பின்னாளில் அவரே பயிற்சிக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார். 2024 ஒகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி அரசின் ஆதரவோடு இரவு வீதிப் பந்தயம் நடந்தபோது, மக்கள் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கேள்வி சரியானதே. வீதிக்கு விளக்குப் போட்ட பணத்தில் எத்தனை ஏழைச் சிறுமிகள் கார்ட்டில் ஏற்றப்பட்டனர் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டிருக்கலாம்.

இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி இன்று கார்த் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அவற்றில் வேலை செய்வோரில் ஆயிரக்கணக்கானோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2021 டிசெம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதைக் கண்டித்து, இப்பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையையே மறித்து அமர்ந்தனர். சாட்விக் வென்ற தடம் அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. அப்பெண்களில் எவரேனும் அதன் மதிலுக்குள் சென்று பார்த்திருப்பரோ?

இப்பந்தயமே வேண்டாத ஆடம்பரம், உயிர்க்கொல்லி என்று நம் வாசகர் சிலர் முணுமுணுக்கக்கூடும். 2024 ஏப்பிரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் தடம் விலகிப் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டதை மறந்தவர் எவருமில்லை. அவர்களோடு நாம் வழக்காட வரவில்லை. ஆனால் ஆண்கள் ஓட்டும்வரை வீரம் என்று போற்றப்பட்டது, பெண் ஓட்ட வந்ததும் ஆடம்பரமாக மாறுவதை மட்டும் நாம் ஒப்ப இயலாது.

ஐரோப்பாவில் இடம் கிடைக்காத சாட்விக் 2023இல் அத்திலாந்திக்கைக் கடந்து, அமெரிக்காவின் இண்டி என்.எக்ஸ்.ரி. தொடரில் சேர்ந்தார். முதலாண்டு தடுமாற்றம். 2024 ஜூனில் ரோட் அமெரிக்கா தடத்தில், முதலிடத்திலிருந்து புறப்பட்டு முதலாவதாகவே வந்தார். அதன் பின்னும் மேற்படிக்கு அழைப்பு வரவில்லை. 2025இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி, லெ மான்ஸ் தொடரின் நெடுந்தூர ஓட்டங்களில் ஆண் சாரதிகளோடு வண்டியைப் பகிர்ந்து ஓட்டினார். ஒற்றை ஆசனத்தை விட்டு அவர் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறு.

லொம்பார்டி கடைசியாகக் கிராண்ட் பிரீ ஓடியது 1976 ஒகஸ்ட் 15ஆம் நாள், ஆஸ்திரியாவில். பன்னிரண்டாவதாக வந்தார். அன்று தொட்டு, எந்தப் பெண்ணும் அந்தத் தொடக்கக் கோட்டில் வண்டியை நிறுத்தியதில்லை.