காழகமும் கடாரமும்



கடாரம் என்னும் சொல்லுக்குப் பெரிய கொப்பரை என்று ஒரு பொருள் உண்டு. 'கடாரம் கொண்டான்' என்ற சோழப் பட்டத்தைப் படிக்கும் பிள்ளை, இராசேந்திரன் கொப்பரையையா கொண்டு போனான் என்று கேட்டால் நாம் சிரித்துவிடக் கூடாது. இலக்கியத்தில் வரும் சொல்லுக்கு எப்படிப் பொருள் காண்பது என்று சொல்லித்தர அதுவே நல்ல தருணம்.

சொல்லின் பொருளை அதன் பக்கத்துச் சொற்கள் காட்டும். பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களை அடுக்குகிறார். அங்கே 'காழகம்' என்றொரு சொல் வருகிறது. அதற்கு ஆடை என்றும் கருமை என்றும் பொருள் உண்டு. ஆனால் அதற்கு முன்னே நிற்பவை வடமலை, கங்கை, காவிரி, ஈழம். ஆகவே காழகமும் ஓர் இடமே. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைக் கடாரம் என்றார். பர்மா என்று கொள்வாரும் உளர்.

கடாரம் என்பது கெடா என்பதே அறிஞர் பலரின் முடிவு. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தபோது பழைய கோயில்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. நம் புக்கிட் மெர்தாஜாமும் 1800இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை கெடா மண்தான். இங்கே புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக் குன் கல்வெட்டுப் பாறை இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ அதனைக் கண்டறிந்தார். அதிலுள்ளது வடமொழி; தமிழன்று. தமிழ்க் கல்வெட்டு என்று சொல்லி நாம் பொய்ப் பெருமை தேட வேண்டியதில்லை.

'கடாரம் கொண்டான்' என்பது 1025இல் நடந்த படையெடுப்பைச் சொல்கிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பட்டினப்பாலை சொல்வது வாணிகத்தை. படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். பட்டத்தை மட்டும் படித்தால் பகை தெரியும். பாட்டையும் செப்பேட்டையும் சேர்த்துப் படித்தால் உறவும் தெரியும்.

நம் முன்னோர் அந்தப் படையோடு வந்தவர்கள் அல்லர். கரும்புக்கும் ரப்பருக்கும் உழைக்கக் கப்பலேறி வந்தவர்கள். அதை மறைக்க நமக்கு மன்னன் பட்டம் எதற்கு? காடு திருத்திய கையின் வரலாறும் வரலாறுதான். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்வோம். ஒன்றோடொன்றைக் கலக்காமல் சொல்வோம்.