மறதி நோயும் பூஜப்புரை ஆராய்ச்சியும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்குப் பூஜப்புரை தெரியாத இடமன்று. கரமனைக்கும் அதற்கும் தூரம் சிறிதே. சிறைச்சாலையினால் பெயர் பெற்ற அப்பகுதியில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டில் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தவர், அந்நகரை அடுத்த தும்பாவில் ராக்கெட்டுப் பணி புரிந்து பின்னர்க் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். 2007இல் மத்திய அரசு அம்மையத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே ஆர். வி. ஓம்குமார் என்ற விஞ்ஞானி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் அளவில் மிகச் சிறியது: மூளை உயிரணுவின் மேலுறையில் அமைந்த ஒரு வாயிலும், அதன் உட்புறத்தே காத்திருக்கும் ஒரு புரதமும். ஆயினும், அல்ஸைமர் நோயில் உயிரணு எவ்வாறு கெடுகிறது என்னும் நூறாண்டுக் கேள்வியின் ஒரு முனை அங்கேதான் வந்து நிற்கிறது.

அக்கேள்வியின் தொடக்கத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1901ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அகுஸ்டே டீட்டர் என்னும் அம்மையார் கொண்டுவரப்பட்டார். வயது 51. கையில் கொடுத்த பொருளின் பெயர் அடுத்த கணமே அவருக்கு மறந்துவிடும். தம் பெயரை எழுதத் தொடங்கினால் முடிக்க இயலாது. அலாய்ஸ் அல்ஸைமர் என்ற டாக்டர் அவரை உட்கார்த்தி வைத்துக் கேள்விகள் கேட்டு, விடைகளை வரி வரியாக எழுதி வைத்தார். 1906இல் அம்மையார் இறந்ததும், அப்போது மியூனிக்கில் இருந்த அல்ஸைமர் அவருடைய மூளையை வரவழைத்து, வெள்ளி உப்பினால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரணுக்களுக்கு வெளியே கட்டிகளும், உள்ளே சிக்குண்ட நூற்கற்றை போன்ற இழைகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கனில் கூடிய மருத்துவர் அவையில் இதை அவர் எடுத்துரைத்தபோது, ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 1910இல் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார்.

பின்னர் அரை நூற்றாண்டு பெரும்பாலும் மௌனமே. இளவயதினருக்கு அருமையாக வரும் நோய் இது, முதியோரின் மறதி வேறு, என்று மருத்துவ உலகம் கருதி அமைதியடைந்தது. நம் வீடுகளில் அறளை பெயர்ந்துவிட்டது என்று ஒரே சொல்லில் ஒதுக்கியதும் ஏறக்குறைய இவ்வாறே. 1963இல் டெர்ரியும் கிட்டும் தனித்தனியே எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் அவ்விழைகளை ஆராய்ந்தார்கள். 1984இல் கிளென்னரும் வோங்கும் கட்டியின் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால், கட்டிகளின் எண்ணிக்கைக்கும் மறதியின் ஆழத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. உயிரணுவும் உயிரணுவும் செய்தி பரிமாறும் சந்திப்புகள் எத்தனை அழிந்தன என்பதே மறதியின் அளவோடு மிகப் பொருந்துவதாக 1991இல் டெர்ரியின் குழுவினர் காட்டினர்.

அந்தச் சந்திப்பில் நடப்பது என்ன? ஓர் உயிரணு குளூட்டமேட் என்னும் பொருளைச் சிந்துகிறது. எதிர் உயிரணுவின் வாயில் அதனால் திறக்க, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் உள்ளே புகுகிறது. அந்த வாயிலுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். உள்ளே காத்திருக்கும் புரதம் காம்கைனேஸ் இரண்டு. மூளையிலுள்ள மொத்தப் புரதத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இதுவே எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். கால்சியம் தொட்டவுடன் இது விழித்துக்கொள்ளும். கால்சியம் விலகிய பின்னும் சிறிது நேரம் விழித்தே இருக்கும். விருந்தினர் போன பின்பும் விளக்கை அணைக்காத வீட்டைப் போன்றது. கற்றது நிலைபெறுவதற்கு இந்த விழிப்பே அடிப்படை.

ஆனால் அதே வாயில் அளவின்றித் திறந்தால், புகுந்த கால்சியமே உயிரணுவைக் கொன்றுவிடுகிறது. 1969இல் ஜான் ஆல்னி, பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குக் குளூட்டமேட் உப்பைச் செலுத்தி, மூளை உயிரணுக்கள் அழிவதைக் கண்டார். (உணவுக்கடைகளில் சுவைக்காகச் சேர்க்கும் உப்பும் இதுவே, உண்ணும் அளவில் அது மூளைக்குள் எளிதில் செல்வதில்லையாதலால் நேயர்கள் அஞ்ச வேண்டாம்.) அல்ஸைமர் நோயின் கட்டிப் புரதம் சிறு சிறு திரள்களாக இருக்கும்போது இந்த வாயிலின் ஒழுங்கைக் குலைக்கிறது என்பது இன்று பல ஆய்வகங்களின் கருத்து. நினைவு வரும் வழியே அழிவும் வருகிறது.

ஓம்குமாரின் பங்கு இங்கேதான். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மேரி கென்னடியின் குழுவில் பணியாற்றிய அவர், வாயிலின் என்.ஆர்.2பி என்னும் உறுப்பில் 1303ஆவது இடத்திலுள்ள செரீன்மேல் காம்கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்பதைக் கண்டறிந்தார். கட்டுரை 1996இல் வெளிவந்தது. வாயிலும் காவலனும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம் அது. திருவனந்தபுரத்தில் அவரும் மாணவர்களும் அந்தப் பிடிப்பினால் காவலனின் வேலை எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்தார்கள். ஒளிரும் புரதத்தைக் காம்கைனேஸோடு கோத்து, கால்சியம் புகுந்தால் அது இடம்பெயர்வதைக் கண்ணால் காணும் சோதனை ஒன்றையும் அமைத்தார்கள். ஒரு மருந்துப் பொருள் வாயிலை அடைக்கிறதா என்று பார்க்க எத்தனை எளிய வழி!

2012இல் இக்குழுவினரும் கேரளப் பல்கலைக்கழக வேதியியலாரும், மஞ்சளிலுள்ள குர்குமின் காம்கைனேஸின் செயலைத் தடுக்கிறது என்று வெளியிட்டார்கள். மஞ்சள் என்றதும் நமக்கு மகிழ்ச்சி பொங்கும். ஆனால் அது சோதனைக்குழாயில் கண்டது. உண்ட குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. நோயாளிகளிடம் நடத்திய சிறு சோதனைகளில் பயனும் தென்படவில்லை. மஞ்சள்தூளை மருந்தென விற்பவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதேயில்லை.

வாயிலை அடைக்கும் மருந்தொன்று உண்டு. மெமாண்டின் என்னும் அதற்கு அமெரிக்க அரசு 2003இல் அனுமதி அளித்தது. முழுவதும் அடைத்தால் கற்றலே நின்றுவிடுமாதலால், ஓயாது திறந்து கிடக்கும் வாயில்களில் மட்டும் தங்கி, இயல்பான செய்தி வரும்போது விலகிக்கொள்ளும் தன்மை அதற்கு இருக்கிறது. முற்றிய நிலையில் ஓரளவு உதவுகிறது. இறந்த உயிரணுவை அது மீட்பதில்லை. நினைவுக்கு வழிவிட்டு அழிவை மட்டும் தடுக்கும் இடம், வாயிலில் இருக்கிறதா, உள்ளிருக்கும் காவலனிடம் இருக்கிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.