நம் ஊரைக் கடந்து போனவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த வருடம் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு முல்லைத்தீவுப் பக்கம் கூட்டிப் போயிருந்தோம். வழியில் கூரையில்லாத ஒரு வீடு. சுவரெல்லாம் சன்னம் பட்ட ஓட்டைகள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிய பிள்ளைகள் அதன் முன்னால் நின்று சிரித்துச் சிரித்து செல்ஃபி எடுத்தார்கள். ஆசிரியர்களான நாமும் தடுக்கவில்லை. பின்னால் இருந்த தகரக் கொட்டிலிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஏசவில்லை. "வெயிலுக்க நிக்கிறியள், தண்ணி குடிக்கிறியளோ பிள்ளையள்?" என்று கேட்டார். எல்லாரும் குடித்து முடிந்த பிறகுதான், "இது எங்கட வீடு" என்றார்.

திரும்பி வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

இந்த வருடப் பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயும் எழுதுகிறோம். செட்டிகுளம் ஒரு வழியூர். மதவாச்சிக்கும் மன்னாருக்கும் இடையில் இருக்கிற நம்மைக் கடந்து போனவர்கள்தான் எத்தனை பேர்!

19ஆம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காட்டு வழியாக மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகப் போனார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பலர் பாதையோரத்திலேயே இறந்தார்கள். 1914இல் தலைமன்னார் ரயில் பாதை வந்தது. சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் நம் ஸ்டேஷனை யன்னலால் பார்த்துக்கொண்டு போனார்கள். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போர் இந்த ரயிலையும் நிறுத்தியது. 2013இல் மடு றோட் வரையும், 2015இல் தலைமன்னார் வரையும் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது.

நடந்துபோன அந்த மக்களின் வழிவந்தவர்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். பூட்டன் நடந்த பாதைக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது.

அடுத்தது மடு. ஒல்லாந்தர் கத்தோலிக்கர்களைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து தப்பிய குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. ஆக, மடுவின் முதல் யாத்திரிகர்களே அகதிகள்தான். போர்க்காலத்திலும் அது ஆயிரக்கணக்கானோரின் புகலிடமாக இருந்தது. 1999 நவம்பரில் அங்கே ஷெல் விழுந்து 40 பேரளவில் இறந்தார்கள். இன்று ஆவணித் திருவிழாவுக்குத் தமிழர், சிங்களவர் என்று இலட்சக்கணக்கில் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் சுற்றியுள்ள காடு 1968இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அது யானைகளின் வீடு. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று 8 வருடங்களில் 20 அளவான யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. பஸ் யன்னலால் எறிகிற ஒரு சோற்றுப் பார்சல் பேப்பரின் கதை நம் காட்டிலும் அங்கேதான் போய் முடியும்.

இனி, பேசத் தயங்குகிற விடயம். நம் பிரதேசத்துக்கு ஒரே நேரத்தில் மிக அதிகமானோர் வந்தது 2009இல். காட்டை வெட்டிப் போட்ட மெனிக் பாம் கூடாரங்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முழு வவுனியா மாவட்டத்தின் சனத்தொகையே 1,72,000 அளவுதான். அந்த மே மாதம் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் வந்து பார்த்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு டிசம்பர் வரை போய்வரும் உரிமைகூட இருக்கவில்லை. 2012 செப்டெம்பரில்தான் முகாம் மூடப்பட்டது.

போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியும் புதுக்குடியிருப்பு நிலக்கீழ் வீடும் பார்க்கும் இடங்களாயின. அந்த வீட்டை 2013 ஒக்டோபரில் இராணுவம் தகர்த்துவிட்டது. பக்கத்திலேயே கூடாரத்தில் இருந்தவர்களிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அப்போது நமக்கு அது கோபமாக இருந்தது. கடந்த வருடம் அதையே நம் பிள்ளைகளும் செய்தார்கள்.

வடக்கு முஸ்லிம்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் காடும் அத்திவாரமும்தான் இருந்தன. அந்த அத்திவாரத்தில் ஒருவர் ஏறி நின்று சிரித்தபடி படம் எடுத்திருந்தால் நம் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஸகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் அடக்கம். வழிப்போக்கருக்கு ஊர் செய்ய வேண்டியதை மார்க்கம் சொல்லிவிட்டது. வழிப்போக்கர் ஊருக்குச் செய்ய வேண்டியதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

அதனால் இந்த முறை எங்கள் பயணத்துக்குச் சில தீர்மானங்கள். போகும் ஊரின் கதையை முதல்நாளே வகுப்பில் படிப்போம். மனிதரையோ வீட்டையோ படம் எடுக்க முன் கேட்போம். "வேண்டாம்" என்றால் போனைப் பையில் வைப்போம். கோயில், தேவாலயம், விகாரை, பள்ளிவாசல் எதுவானாலும் அந்த இடத்து ஒழுங்குக்கு உடுத்துவோம். சாப்பாட்டைக் கொழும்புக் கம்பெனிக் கடையில் வாங்காமல் அந்த ஊர்க் கடையில் வாங்குவோம். குப்பையை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவருவோம். யானைக்கும் குரங்குக்கும் ஒன்றும் போடமாட்டோம்.

பெற்றோரும் பழைய மாணவர்களும் தங்கள் பயணங்களில் இதைக் கடைப்பிடித்தால் பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள்.

இன்னொன்று. இந்த முறையும் அந்தப் பாதையால்தான் போகிறோம். அந்த அம்மாவின் வாசலில் பஸ்ஸை நிறுத்துவோம், இன்ஷா அல்லாஹ். படம் எடுக்க அல்ல. போன முறை சொல்லாமல் விட்ட ஸலாமையும் நன்றியையும் சொல்ல.