பதவியை மறுத்த வணிகர்

சென்னைக்குச் செல்லும் நம்மவர் தி. நகர்க் கடைத்தெருவைக் காணாது திரும்புவது அரிது. சேலை வாங்கச் செல்லும் அவ்விடத்தின் முழுப்பெயர் தியாகராயநகர் என்பதையும், அப்பெயருக்கு உரியவரே நெசவுத் தொழில் நடத்திய ஒரு வணிகர் என்பதையும் எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சேர் பிட்டி தியாகராயச் செட்டியார் 1852ஆம் ஆண்டு, நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்திற் பிறந்தார். பட்டம் பெற்றும் அரசாங்க உத்தியோகத்தை நாடாது வணிகத்தில் இறங்கினார், நெசவுசாலை அமைத்தார். 1882இல் நகரசபையுட் புகுந்தவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதன் உறுப்பினராயிருந்தார்.

காங்கிரசில் ஈடுபட்டிருந்த அவர், கல்வியிலும் உத்தியோகங்களிலும் பிராமணரல்லாதார் பின்தங்கி நிற்பதைக் கண்டு வேறு வழி தேடினார். நகரசபையில் அவரோடு மாறுபட்டு நின்ற டாக்டர் டி. எம். நாயரையும் அவரையும் டாக்டர் நடேச முதலியார் ஒன்றுசேர்த்தார். 1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. ‘ஜஸ்டிஸ்’ என்ற அதன் பத்திரிகையின் பெயரால் மக்கள் அதனை நீதிக்கட்சி என்றழைத்தனர்.

1920ஆம் ஆண்டுத் தேர்தலைக் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. தேர்தலுக்கு விடப்பட்ட 98 இடங்களில் 63ஐ நீதிக்கட்சி பெற்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு, மந்திரிசபை அமைக்கச் செட்டியாரை அழைத்தார். அவரோ அதனை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். செட்டியார் கட்சித் தலைவராகவும் நகரசபைத் தலைவராகவும் தம் பணியைத் தொடர்ந்தார்.

அதே 1920இல், அவர் தலைமை வகித்த நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்கிலுள்ள நகரசபைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, ஆளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில், பகலுணவு வழங்குவது என்பதே அது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என அரசாங்கம் தடுக்க, 1925இல் அது நின்றது. செட்டியார் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

ஆயினும் அக்கருத்து மறையவில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார், 1982இல் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். மந்திரி பதவியை ஏற்றவர்கள் பலரின் பெயரைக் காலம் மறந்துவிட்டது. அதனை மறுத்தவருக்கோ, கடைத்தெருவின் பெயரைக் காட்டிலும் பாடசாலைப் பிள்ளையின் சோற்றுத்தட்டே உரிய நினைவுச் சின்னமாகும்.