யப்பானியர் ஆட்சியில் மலாயத் தோட்டத் தமிழர்

1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அசைக்கலாகாதெனப் பிரித்தானியர் பெருமை பேசிய கோட்டை, யப்பானியர் கோத்தா பாருவில் இறங்கி எழுபது நாள்களுள் கைமாறிற்று. நகருக்குச் ‘சியோனான்’ என்று பெயரிட்டனர்; கடிகாரங்களும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. தளபதிகளின் கதை பல நூல்களில் உளது. இறப்பர்த் தோட்டத் தமிழரின் கதையே ஈண்டு நாம் நோக்கற்பாலது. றொசல்லத் தோட்டங்களுக்கு வந்தோரும் மலாயாவுக்குச் சென்றோரும் திருச்சி, சேலம் முதலிய ஒரே மாவட்டங்களினின்று, ஒரே கங்காணி முறையினாற் புறப்பட்டவரன்றோ?

மலாயாவிலிருந்து இறப்பர் வெளியே செல்லல் வேண்டும். பர்மாவினின்றும் சயாமினின்றும் அரிசி உள்ளே வரல் வேண்டும். போர் இரண்டு வழியையும் அடைத்தது. பால்வெட்டு நின்றது, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. வாழைமரப் படம் பொறித்த யப்பானியப் பணத்தாள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. வேலையற்று நின்ற இம்மக்களைத்தான் சயாம்–பர்மா றெயில்பாதை விழுங்கிற்று. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றனர். ஆள் போதாதவிடத்துப் பலவந்தமும் செய்தனர். மலாயாவினின்று சென்றோர் எழுபத்தையாயிரத்துக்குக் குறையார். அவருட் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதை 1943 ஒக்டோபர் 17 இல் இணைந்தது. அவ்வாண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவிற்று. போர்க்கைதிகளிடையே அவர்தம் மருத்துவர் இருந்தனர். தமிழருக்கோ அதுவும் இல்லை.

பாதை இணைந்த நான்காம் நாள், ஒக்டோபர் 21 இல், சுபாஸ் சந்திரபோஸ் சிங்கப்பூரிற் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனஞ் செய்தார். தோட்டத்து ஆடவர் இந்திய தேசிய இராணுவத்திலும், பெண்டிர் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தனர். றெயில்பாதைக்குத் தப்பவே சிலர் சேர்ந்தனர் என்பாருமுளர். இருக்கலாம், அதனால் அவர்தம் விடுதலை வேட்கை பொய்யென யான் கொள்ளேன்.

காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் படைவீரர் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. போர்க்கைதிகளுள் மாண்டோர் ஏறக்குறையப் பன்னீராயிரவர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர்; தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுவர். அவர்க்கு அங்ஙனம் பெயர் பொறித்த கல்லில்லை. படைக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இருந்த பதிவேடு செக்றோல் ஒன்றே. அதிற் பெயர் வேலை செய்யும் நாள்வரைதான் நிற்கும் என்பதை மலைநாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை.