புளிப்புக்குப் பட்டா

அன்ரிசர்வ்டு பெட்டியில் ஒரு ஆசாமியைப் பார்த்திருப்பீர்கள். ஏறும்வரை, ‘கொஞ்சம் தள்ளுங்க சார், எல்லாரும் ஊருக்குப் போகணும்ல’ என்று கெஞ்சுவார். உள்ளே வந்த அடுத்த நிமிஷம் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். ‘இடமே இல்லைய்யா, அடுத்த பெட்டிக்குப் போ!’

வினிகரின் சரித்திரமும் ஏறக்குறைய இதுதான்.

பெயரிலேயே ஆரம்பிக்கிறது வில்லங்கம். பழைய பிரெஞ்சில் ‘வின்’ என்றால் ஒயின். ‘ஏக்ர்’ என்றால் புளித்தது. ஆக, வினிகர் என்றால் புளித்த ஒயின். அவ்வளவுதான் அர்த்தம்.

ஆனால் புளிக்க வைக்கிற பாக்டீரியாவுக்கு பிரெஞ்சு தெரியாதே! சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்கும். அந்த மதுவில் காற்று பட்டால், இந்த பாக்டீரியா அதை அசிட்டிக் அமிலமாக்கும். இது உயிருள்ள நுண்கிருமியின் வேலை என்று 1864ல் விளக்கமாக எழுதினார் லூயி பாஸ்டர். அதற்கு ஒயினும் ஒன்றுதான், பீரும் ஒன்றுதான், நம்மூர்க் கள்ளும் ஒன்றுதான்.

எனவே அந்தந்த ஊர்க்காரர்கள் எதைக் குடித்தார்களோ, அதையே புளிக்கவிட்டார்கள். புளிப்பு எல்லாவற்றிலும் ஒன்று. பிறந்த வீட்டு வாசனை மட்டும் போகாது. ஒயின் வினிகரில் பழ வாசனை. எண்ணெயோடு கலந்து பச்சைக் காய்கறி சாலட்டில் ஊற்றுவார்கள். அரிசி வினிகர் சாது. ஜப்பானியர்கள் சூஷிக்கான சோற்றிலேயே பிசறுகிறார்கள். கோவாவில் தென்னங்கள் வினிகர். விண்டாலூ வைக்க வந்த போர்த்துக்கீசியர்களுக்கு அங்கே ஒயின் வினிகரா கிடைக்கும்? கள்ளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மண்வாசனைதான் இன்றைக்கும் கோவா விண்டாலூவின் அடையாளம்.

இங்கிலாந்தில் பார்லியை முளைகட்டிக் காய்ச்சிய ‘ஏல்’ என்கிற பீரைப் புளிக்க வைத்தார்கள். ஒயின் இல்லையே, வினிகர் என்று எப்படிச் சொல்வது? ‘ஏலிகர்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். நேர்மையான பெயர். ஆனால் நிலைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அதுவும் ‘மால்ட் வினிகர்’ என்று சொல்லிக்கொண்டு பெட்டிக்குள் ஏறிவிட்டது. சுடச்சுட வறுத்த மீனும் உருளைக்கிழங்கும், மேலே உப்பு, மால்ட் வினிகர். அந்த முறுகல் வாசனைக்கு ஒரு தேசமே அடிமை.

அடுத்து வந்தவர் ஒரு கில்லாடி. தண்ணீரில் அசிட்டிக் அமிலம், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. முடிந்தது. பீப்பாய் இல்லை, பாக்டீரியா இல்லை, காத்திருப்பு இல்லை. பார்க்க அச்சு அசல் மால்ட் வினிகர். நாக்கில் சுருக்கென்று ஒரு குத்து, பின்னால் ஒன்றுமே இல்லை. ‘காய்ச்சாத வினிகர்’ என்று லேபிள் ஒட்டி விற்றார்கள். 1950ல் விஷயம் இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போனது. புளிக்க வைக்காதது வினிகரே இல்லை, இந்தப் பெயர் பொய் என்றது தீர்ப்பு. அதன்பின் அந்தச் சரக்கு ‘நான் ப்ரூவ்டு காண்டிமென்ட்’ ஆகிவிட்டது. இன்றும் அங்கே பல மீன் வறுவல் கடைகளில் ஊற்றுவது அதைத்தான்.

இத்தாலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எங்கள் ஊரில் ‘அச்செத்தோ’, அதாவது வினிகர் என்றால் ஒயினில் செய்தது மட்டும்தான் என்று சட்டமே போட்டார்கள். ஜெர்மனியிலிருந்து ஆப்பிள் வினிகர் கொண்டுவந்து விற்றவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1980ல் விற்பனைத் தடையை ஏற்கவில்லை. சரி, விற்கட்டும், அந்தப் பெயரை மட்டும் தரமாட்டோம் என்றது இத்தாலி. 1981ல் அதுவும் எடுபடவில்லை. எதில் செய்தது என்று லேபிளில் போட்டால் போதும், ஜனங்கள் படித்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே இத்தாலியின் மோதெனா நகரத்தில் பால்சமிக் வினிகர் இருக்கிறது. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரிய பீப்பாயிலிருந்து சின்னப் பீப்பாய்க்கு மாற்றி மாற்றி, குறைந்தது 12 வருஷம் காக்க வைப்பது பாரம்பரிய ரகம். தேன் மாதிரி சொட்டும். இதைக் கொதிக்கவிடுவது பாவம். பாலாடைக்கட்டி மேலே, ஸ்ட்ராபெர்ரி மேலே நாலு சொட்டு, அவ்ளோதான். ஒயின் வினிகர் கலந்து 60 நாளில் கடைக்கு வருகிற மலிவு ரகமும் உண்டு. அந்த ரகத்தின் ‘மோதெனா பால்சமிக் வினிகர்’ என்ற முழுப் பெயருக்கு 2009ல் ஐரோப்பியப் பாதுகாப்பு கிடைத்தது. ‘பால்சமிக்’ என்ற ஒற்றை வார்த்தையும் தங்களுக்கே என்று கேட்டார்கள். ஜெர்மானியக் கம்பெனி ஒன்றோடு நடந்த வழக்கில், 2019ல், அது முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது.

கதவைச் சாத்துவது எல்லாமே தப்பா? இல்லை. டிக்கெட் என்பது புளித்தல். ஆப்பிள் வினிகரிடம் டிக்கெட் இருந்தது. அதைத் தடுத்தது பொறாமை. கலர்த் தண்ணீரிடம் டிக்கெட் இல்லை. அதைத் தடுத்தது நியாயம்.

நம் நாட்டில் டிக்கெட் இல்லாதவருக்கும் அனுமதி உண்டு. லேபிளில் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் சமையலறை பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ‘சிந்தெடிக்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா? மிளகாய் ஊறப்போட அது போதும். கோவா விண்டாலூ செய்துவிட்டு, ‘அந்த ருசி வரலையே’ என்று மசாலாவைத் திட்டாதீர்கள்.

பாவம், மசாலா டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறது.